ரிடர்ஹாஃபின் சுண்டுவிரல்

ஹெல்மர் டோலஃப்சன் இருபத்திரண்டு வருஷங்களாக ஒரு திருகாணியைத் தொடாமல் இருந்தார். சிகரெட்டை விட்டுவிட்டுப் பதினோராம் நாளே பிடித்தவர். இனிப்பைக் குறைப்பதாக டாக்டருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, வீடு திரும்பும் வழியிலேயே டோநட் கடை வாசலில் வண்டியை நிறுத்தியவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முனிவர் மாதிரி இருந்தார்.

திருகாணி இருந்தது அவருடைய ரிவால்வரின் கைப்பிடியில். ஆறு குண்டு, நீளக் குழல், குறி சுடும் போட்டிக்கென்றே ஐம்பதுகளில் வந்த ரிவால்வர். ரிவால்வர் என்னவோ ஆயிரக்கணக்கில் வந்த சரக்குதான். விஸ்கான்சினில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கும். கைப்பிடிதான் விசேஷம். கம்பெனிப் பிடியைக் கழற்றிவிட்டு, யாரோ வால்நட் மரத்தில் கையாலேயே செதுக்கிப் பொருத்தியது. கட்டைவிரல் சாய்ந்துகொள்ள இடப்பக்கம் ஒரு திண்டு. உள்ளங்கையை நிறைக்க வலப்பக்கம் ஒரு புடைப்பு. முன்னால் மூன்று விரல்களுக்கு மூன்று பள்ளங்கள். அதில் சுண்டுவிரல் பள்ளம் மட்டும் மற்ற இரண்டோடும் சேராமல், கோபித்துக்கொண்டு போகிற மருமகன் மாதிரி ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு போகும்.

கண்காட்சி மைதானத்தில் நடந்த துப்பாக்கிச் சந்தையில் அதை வாங்கியபோது, விற்ற ஆள் “ரிடர்ஹாஃப் செஞ்சதுன்னு சொல்றாங்க” என்றான். யார் சொல்கிறார்கள் என்று ஹெல்மர் கேட்கவில்லை. பெண் பிடித்துப்போனவன் தரகரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பானா?

ஆன்செல் ரிடர்ஹாஃப் என்றால் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் நடுவில் பெரிய பெயர். ஒரேகான் மலைப்பக்கம் தனியாக உட்கார்ந்து வேலை செய்து, மொத்தமாக முந்நூறு பிடிகூடச் செய்யாமல் செத்துப்போனவர். வெளியே கையெழுத்துப் போடமாட்டார். உள்பக்கத்து மரத்தில் சூடு போட்டு ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்க்க வேண்டுமானால் திருகாணியைக் கழற்றியாக வேண்டும்.

சிக்கலே அங்கேதான். பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்களுக்குக் கீறல் விழாத திருகாணித் தலை என்பது பச்சைக் குழந்தையின் உச்சந்தலை மாதிரி. பார்க்கலாம், பூரிக்கலாம், அழுத்தக்கூடாது. ஹெல்மரின் துப்பாக்கிக் கிளப்பில் ஒருவர் வெண்ணெய் தடவும் கத்தியை வைத்து ஒரு திருகாணியைத் திருப்பிவிட்டார் என்பதற்காக, அவர் மகள் கல்யாணத்துக்குப் பாதிப் பேர் போகவில்லை. ஆகவே ஹெல்மர் கழற்றவில்லை. வெளியே பார்த்தே முடிவு செய்தார். முடிவு செய்ததை வாராவாரம் சனிக்கிழமை மத்தியானம், கிளப் சமையலறையில் சாசேஜும் புளித்த முட்டைக்கோஸும் சாப்பிட்டபடி, எல்லாருக்கும் விளக்கினார்.

எல்லாருக்கும் என்றால், முக்கியமாக எதிரே உட்கார்ந்திருக்கும் ரோமன் ஸ்டாஷெக்குக்கு. ஹெல்மர் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் என்றால், ரோமன் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் நின்று ஓய்வு பெற்றவர். ஒல்லி. பள்ளிக்கூட நாளில் பேஸ்பால் பந்து பட்டு ஒடிந்த சுண்டுவிரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. அதனால் காப்பிக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் ஏதோ ஜமீன் வீட்டு அம்மாள் மாதிரி அந்த விரல் தனியாக விலகி நிற்கும். இரண்டு பேருக்கும் அறுபத்துநாலு வயது. ஒருவரை ஒருவர் பாராட்டியதாகக் கிளப் வரலாற்றில் பதிவு இல்லை.

“இது கைப்பிடியாய்யா?” என்று ரோமன் ஆரம்பிப்பார். “கதவுக்குச் செஞ்சது. தச்சன் அவசரத்துல துப்பாக்கில மாட்டிட்டான்.”

“ஸ்டாம்ப் ஒட்டின கைக்கு என்னய்யா தெரியும்? கை வழுக்காம இருக்க மரத்துல வெட்டின இந்தக் கட்டத்தைப் பாரு. அங்குலத்துக்கு இருபத்திரண்டு கோடு. ஒரு கோடு, ஒரே ஒரு கோடு, விலகிப் போயிருக்கான்னு காட்டு. நான் துப்பாக்கிய ஏரியில போட்டுடறேன்.”

“கோடு சரி. அந்தச் சுண்டுவிரல் பள்ளம்? பீர் குடிச்சுட்டுச் செதுக்கினானா?”

“அதாம்யா மேதைங்கிறது! சுண்டுவிரல் இறுக்கினா குழல் கீழ இழுக்கும். அது அந்த மனுஷனுக்குத் தெரியும். அதனால அந்த விரலை ஆட்டத்துலேர்ந்தே வெளியேத்திட்டான். ஒரு மரத்துண்டை எடுத்து, மனுஷன் கையோட குணத்தையே திருத்தறதுன்னா சும்மாவா? பொறுமை வேணும்யா. அன்பு வேணும்.”

ரோமன் ஒரு குறை சொன்னால் ஹெல்மர் அரைமணி நேரம் பேசுவார். ரோமன் கேட்டுக்கொண்டே மெதுவாக மெல்லுவார். முடிந்ததும், “திண்டு கொஞ்சம் தடிமன்” என்று இன்னொன்றை எடுத்துப் போடுவார். அது இன்னொரு அரைமணி.

மேதையின் கட்டளைப்படி ஹெல்மரும் தன் தடித்த சுண்டுவிரலைக் கோணலாக வைத்துத்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சுட்டார். வலிக்கும். முந்நூறு புள்ளிக்கு இருநூற்று நாற்பதை ஒருநாளும் தாண்டியதில்லை. பழியை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மேல் போட்டார்.

அந்த வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கான்ஸ்டன்ஸ் மெரில் என்ற அம்மாள். ரிடர்ஹாஃபின் பிடிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் தயாரிப்பவர். அவர் ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. ஹெல்மர் அனுப்பிய படங்கள் ‘ஆர்வத்தைத் தூண்டுவதாக’ எழுதியிருந்தார். உள்பக்கத்து எண்ணைப் படம் பிடித்து அனுப்பினால் பட்டியலில் சேர்ப்பதாகவும், ஜூலை மாதச் சேகரிப்பாளர் சந்திப்பில் முன்மண்டபத்தில் தனி மேஜை தருவதாகவும் இருந்தது.

ஹெல்மருக்குத் தரையில் கால் பாவவில்லை. முன்மண்டபம்! இதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் கழிப்பறைக்குப் போகும் வழியில் பாதி மேஜை. கிளப்பில் சமையல் பார்க்கும் அவர் மனைவி ஆர்டிஸ் ஒரு பலகையை வெள்ளையடித்து, நீல எழுத்தில் ‘ஆன்செல் ரிடர்ஹாஃப் கைப்பிடி. உடைமை: ஹெல்மர் டோலஃப்சன்’ என்று எழுதிக் கொடுத்தாள். கிளப் சமையலறையில், அவளுடைய அடுப்புக்கு மேலேயே அதை மாட்டியும் வைத்தாள்.

“எண்ணைப் பாக்காம பலகையா?” என்று அவள் கேட்கத்தான் கேட்டாள்.

“எண் எங்க போயிடும்? உள்ளதானே இருக்கு.”

இனித் திருகாணியைத் தொட்டே ஆகவேண்டும். அதற்குத் திருகாணித் தலையில் உள்ள பள்ளத்தின் அளவுக்கே தீட்டிய திருப்புளி வேண்டும். முடியளவு ஆட்டம் இருந்தாலும் வழுக்கிக் கீறிவிடும். கிளப்பில் அப்படிப்பட்ட செட்டு ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. ரோமனிடம்.

“மச்சான் வாங்கிட்டுப் போயிட்டான்” என்றார் ரோமன் முதல் வாரம்.

“மச்சான் மீன் பிடிக்கப் போயிருக்கான்” என்றார் இரண்டாம் வாரம்.

மூன்றாம் வாரம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வேணாம்யா ஹெல்மர். இருபத்திரண்டு வருஷம் கை படாத திருகாணி. அதப் போய்க் கழட்டுவியா? பாவம்யா.”

ஹெல்மர் அசந்துபோனார். கதவுப்பிடி என்று சொன்ன வாயா இது? யோசித்துப் பார்த்ததில் காரணம் பிடிபட்டது: பொறாமை. ரோமனுக்கு முன்மண்டப மேஜை கண்ணை உறுத்துகிறது.

“பொறாமை மாதிரி தெரியல” என்றாள் ஆர்டிஸ். “மூணு வாரமா சாசேஜ்ல ஒரு குறையும் சொல்லல. உடம்புக்கு என்னவோ.”

ஹெல்மர் தாமே திருப்புளி தீட்ட உட்கார்ந்தார். நான்கு திருப்புளிகள் வீணாயின. ஐந்தாவது, திருகாணிப் பள்ளத்தில் சாவி பூட்டில் உட்காருவது போல உட்கார்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம். சமையலறையில் பதினான்கு பேர். ஆர்டிஸ் ஒரு மூலையில் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். ஹெல்மர் மேஜையில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்தார். கிளப் வழக்கப்படி உருளையைத் திறந்து, ஆறு ஓட்டையும் காலி என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். சவப்பெட்டி இறக்குகிற மாதிரி ஒரு அமைதி. ரோமன் மட்டும் கடைசி மேஜையில் தனியாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சாலட்டில் எதையோ தொலைத்தவர் மாதிரி கிளறிக்கொண்டிருந்தார்.

திருகாணி ஒரு சத்தம் போட்டது. ‘க்ரீச்.’ பதினான்கு பேரும் பல்லைக் கடித்தார்கள். கீறல் இல்லை. நாலு சுற்றுச் சுற்றி, தலையில் மெல்லத் தட்டியதும் மறுபக்கத்துப் பிடி கழன்று துண்டில் விழுந்தது. ஹெல்மர் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தார்.

எண் இல்லை.

எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை, தப்பான இடத்தில் போட்டது. அதைத் தீக்குச்சி வைத்து அடைத்திருந்தது. பக்கத்தில் சரியான ஓட்டை. பிடி ஆடாமல் இருக்க ஒரு அட்டைத் துண்டை வெட்டி ஒட்டியிருந்தது. அது, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஊர் பௌலிங் கூடத்துப் புள்ளி அட்டை. கொட்டை எழுத்தில், பென்சிலில், ஒரு பெயர்: ‘ரோமன்’. அதற்கு நேரே மொத்தம், முந்நூறுக்கு: எழுபத்துநாலு.

“என்ன எண்?” என்றார் ஒருவர்.

“நூறுக்குக் கீழயா, மேலயா?” என்றார் இன்னொருவர்.

ஹெல்மர் பூதக்கண்ணாடியை இறக்கினார். நிமிர்ந்து கடைசி மேஜையைப் பார்த்தார். ரோமன் கோப்பையைத் தூக்கி வாயருகே வைத்திருந்தார், குடிக்கவில்லை. அந்த மடங்காத சுண்டுவிரல் விலகி, ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. எந்தக் கோணத்தில் என்று ஹெல்மருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோணத்தை இருபத்திரண்டு வருஷமாகத் தன் விரலில் சுமந்தவர் ஆயிற்றே.

“வெளிச்சம் பத்தல” என்றார் ஹெல்மர். “வெளிய போய்ப் பாக்கணும். ரோமன், உன் கண்ணு நல்ல கண்ணு. கூட வா.”

சுடுகிற மேடையில் யாரும் இல்லை. தூரத்தில் குறி அட்டைகள் காற்றில் ஆடின. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஹெல்மர் மரத்துண்டை நடுவில் வைத்தார்.

“எழுபத்துநாலா?” என்றார்.

“அன்னிக்குக் காய்ச்சல்” என்றார் ரோமன்.

ஹெல்மர் அட்டையின் ஓரத்தை நகத்தால் நெருடினார்.

“எப்பய்யா செஞ்ச?”

“தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணுல. கால் ஒடிஞ்சு குளிர்காலம் பூரா வீட்ல கிடந்தேன்ல, அப்ப. சமையல் மேஜையில உக்காந்து செதுக்கினேன். ரிடர்ஹாஃப் பிடியோட படம் ஒண்ணு பத்திரிகைல வந்திருந்தது, அதப் பாத்துத்தான். என் விரலுக்கு ஏத்த மாதிரி மட்டும் மாத்திக்கிட்டேன். வாழ்க்கைல செஞ்சது அது ஒண்ணுதான். அப்புறம் படகு மோட்டார் வேணும்னு ஒருத்தன்கிட்ட துப்பாக்கியோட மாத்திக் குடுத்துட்டேன். ரெண்டே வருஷத்துல மோட்டார் ஏரில விழுந்துடுச்சு.”

“நான் இதத் தூக்கிட்டு வந்த அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“வாயத் திறந்தேன்யா. நீ முந்திக்கிட்ட. ‘மேதை’ன்ன. ‘பொறுமை’ன்ன. எனக்குக் காது கூசுச்சு. சரி, அடுத்த வாரம் சொல்லலாம்னு விட்டேன். அடுத்த வாரம் இன்னும் பெரிசா சொன்ன.” ரோமன் குறி அட்டைகளைப் பார்த்தபடியே பேசினார். “முப்பது வருஷம் ஜன்னல்ல நின்னேன். வரிசை ஏன் நகரலைன்னு கேட்டவங்கதான் உண்டு. நான் செஞ்ச எதையும் யாரும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல, ஹெல்மர். நீ சனிக்கிழமை சனிக்கிழமை சொன்ன.”

“நீதான் கதவுப்பிடின்னு திட்டிக்கிட்டே இருந்தியே!”

“திட்டினாத்தானே நீ இன்னும் அரைமணி நேரம் புகழுவ?”

ஹெல்மர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. கோபப்பட வேண்டிய நேரம் என்று அதை அமுக்கி வைத்தார்.

“சரி, கேளு” என்றார் ரோமன், இன்னும் தாழ்ந்த குரலில். “அந்த அட்டையைச் சுரண்டி எடுத்துடலாம். ஆணியப் பழுக்கக் காய்ச்சினா அஞ்சு நிமிஷத்துல எண்ணு போட்டுடுவேன். தெரிஞ்ச எண்ணு வேணாம். எந்தப் பட்டியல்லயும் இல்லாத எண்ணாப் பாத்துப் போடறேன். மெரில் அம்மாவால கண்டுபிடிக்க முடியாது. மேஜை உனக்கு, பட்டியல் உனக்கு. நான் சாகுற வரைக்கும் மூச்சு விடமாட்டேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹெல்மருக்கு முன்மண்டபம் கண்ணில் வந்து போனது. விளக்கு, பச்சைத் துணி போட்ட மேஜை, தன்னைச் சுற்றிக் கூட்டம். அப்புறம் கழிப்பறைக்குப் போகும் வழியும் வந்து போனது. அங்கே நிற்பவர்களுக்குக் கூட்டம் உண்டு, ஆனால் எல்லாரும் அவசரத்தில் இருப்பார்கள்.

மரத்துண்டை எடுத்து, பழக்க தோஷத்தில் கட்டத்தின் மேல் பெருவிரலை ஓட்டினார். ஒரு கோடும் விலகவில்லை.

“போய்யா” என்றார். “இருபத்திரண்டு வருஷமா ஒருத்தனத் தலைல தூக்கி வச்சு ஆடியிருக்கேன். இப்பத்தான் அவன் யாருன்னு தெரிஞ்சிருக்கு. அந்த நேரத்துல பாத்து வேற எவன் பேரையோ எழுதச் சொல்றியா? நான் பேசினதெல்லாம் உன்னப் பத்திதான்யா. கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா ஒரு வார்த்தையையும் திருப்பி வாங்கிக்க முடியாது.”

ரோமன் மூக்கை உறிஞ்சினார். காற்று என்று சொன்னார். காற்று அந்தப் பக்கமாக அடிக்கவில்லை.

சமையலறைக் கதவைத் திறந்ததும் பதினான்கு முகமும் திரும்பின. ஹெல்மர் தொண்டையைச் செருமினார்.

“கவனிங்க. இது ரிடர்ஹாஃப் செஞ்சதில்ல. நான் இத்தனை வருஷமா உங்க எல்லார் உயிரையும் வாங்கினது தப்பான பேருக்கு. செஞ்சது இந்த ஆளு.” ரோமனின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். “மத்ததெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே. பொறுமை, மேதை, எல்லாம். அதுல மாத்தமில்ல.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு சமையலறையே குலுங்கியது. அட்டைத் துண்டு கைக்குக் கை போனது. எழுபத்துநாலு என்ற எண்ணிக்கைக்கு ரிடர்ஹாஃபின் எந்த எண்ணுக்கும் கிடைக்காத வரவேற்பு கிடைத்தது. சிரிப்பு ஓய்ந்ததும் ஒவ்வொருவராகப் பிடியை வாங்கிப் பார்த்தார்கள், இதுவரை பார்க்காதது மாதிரி. தொப்பியைக் கழற்றியிருந்தவர், “கோடு ஒண்ணுகூட விலகலய்யா” என்றார், ஹெல்மரிடம் அல்ல, ரோமனிடம்.

ஆர்டிஸ் மாவுக் கையோடு பலகையை இறக்கினாள். “ரிடர்ஹாஃப அழிக்க ரெண்டு நிமிஷம். கழிப்பறைப் பக்கத்துக்கு இந்தப் பலகை போதும்.”

“மெரில் அம்மாவுக்கு நானே எழுதறேன்” என்றார் ஹெல்மர். “செஞ்சவர் பேரு, வருஷம், மரம், பௌலிங் புள்ளி, எல்லாத்தையும்.”

“புள்ளி எதுக்குய்யா?” என்று ரோமன் அலறினார்.

“வரலாறுன்னா முழுசா இருக்கணும்.”

ரோமன் கிட்டே வந்தார். ஹெல்மரின் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பிடித்துப் புரட்டினார். சுண்டுவிரலை மடக்கினார், நீட்டினார்.

“இந்தப் பூசணிக்காய்க் கையை வச்சுக்கிட்டா என் பிடியில சுட்ட?”

“மேதை சொன்னா கேக்க வேணாமா?”

“முந்நூறுக்கு இருநூத்து நாப்பது வந்ததே பெரிசு. வலிக்கலயா?”

“வலிச்சது. அதுலயும் ஏதோ பாடம் இருக்கும்னு நெனச்சேன்.”

ரோமன் நேரே ஆர்டிஸின் மேஜைக்குப் போனார். கேட்காமல் கொள்ளாமல் ஒரு பெரிய மாவு உருண்டையைக் கிள்ளி எடுத்து, ஹெல்மரின் உள்ளங்கையில் வைத்தார்.

“பிடி. துப்பாக்கியப் பிடிக்கிற மாதிரி பிடி. இந்த அச்சப் பாத்துத்தான் உன் கைக்குப் புதுசாச் செதுக்கணும். மாடு கறக்கற மாதிரி நசுக்காத. விரல் அது அது இஷ்டத்துக்கு உக்காரட்டும்.”

“அது சாயங்காலத்துப் பன்னு” என்றாள் ஆர்டிஸ்.

ஹெல்மர் பிடித்தார். மாவு குளுகுளுவென்று விரலிடுக்கில் ஏறியது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாகச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து உட்கார்ந்தது. அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ரோமன் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த மாவின் மேடு பள்ளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“உள்ள என்ன எண்ணு போடுவ?” என்று கேட்டார் ஹெல்மர்.

“ஆடாதய்யா” என்றார் ரோமன். பிறகு, நிமிராமலே சொன்னார்: “ரெண்டு.”